பட்டிக்கு ஆள் கூட்டிப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஆடு வளர்க்கும் வீடுகளுக்கு வெளியூர்க்காரர்களை அழைத்துப்போகும் வேலையைத் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஊட்டிக்கு வருகிறவர்கள் படகு இல்லமும் தொட்டபெட்டாவும் பார்ப்பார்கள். கோத்தகிரிக்கு வந்தால் கோடநாடு காட்சிமுனையோடு திரும்பிவிடுவார்கள். தேயிலைக்கு நடுவே பத்து ஆட்டை வைத்துப் பிழைக்கிற குடும்பம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அதைக் காட்ட நினைப்பது நல்ல காரியம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் போட்டுக்கொள். உனக்குக் காசு கொடுப்பவர் வருகிறவர். நீ நிற்க வேண்டியது ஆட்டுக்காரர் பக்கம்.

நம் பக்கத்தில் பெயர்ப்பலகை வைத்த பண்ணைகள் குறைவு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அவ்வளவுதான். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பரண் கட்டியிருப்பார்கள். மழைக்காலத்து ஈரத்தில் நின்றால் ஆட்டுக்குக் குளம்பு அழுகும், குடற்புழு ஏறும். அதனால் தரையிலிருந்து உயர்த்திப் பலகை அடித்து, பலகைக்குப் பலகை விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருப்பார்கள். புழுக்கை கீழே விழும். அதைக் கூட்டி அள்ளித்தான் கேரட்டுக்கும் தேயிலைக்கும் எருவாகப் போடுகிறார்கள். சிறுத்தை நடமாடும் ஊர் என்பதால் இருட்டுவதற்குள் ஆடுகள் அடைபட்டாக வேண்டும். இதையெல்லாம் நின்று காட்டு. அவசரமாக ஒரு குட்டியைத் தூக்கி விருந்தாளி கையில் கொடுத்துப் படம் எடுக்கவைப்பது வழிகாட்டியின் வேலை இல்லை.

வருகிறவர்களில் பலர் ஆட்டுப்பாலையும் பாலாடைக்கட்டியையும் எதிர்பார்த்து வருவார்கள். குன்னூரில் இந்தித் திரைப்பட இயக்குநர் மன்சூர் கானின் குடும்பம் நடத்தும் ஏக்கர்ஸ் வைல்டு பண்ணையில் பாலாடைக்கட்டி செய்யக் கற்றுத்தருகிறார்கள். அது மாட்டுப்பாலில் நடப்பது, வேறு தொழில். நம் வீடுகளில் ஆடு வளர்ப்பது பெரும்பாலும் இறைச்சிக்கு விற்கத்தான். பச்சைத் தேயிலை விலை சரிந்த மாதத்தில் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஒரு கிடாவை உயிர் எடைக்கு விற்றால்தான் கையில் பணம் புரளும். இதை மறைக்காதே. 'இந்தக் குட்டியை என்ன செய்வீர்கள்?' என்று விருந்தாளியின் பிள்ளை கேட்டால், வளர்ந்ததும் விற்பார்கள், இறைச்சிக்குப் போகும் என்று நேராகச் சொல். கொஞ்சிக் குலாவுவதற்கு வளர்ப்பதாக ஒரு கதை கட்டினால், நிஜம் தெரிகிற அன்று அந்தக் குடும்பம்தான் இரக்கமற்றவர்கள் என்ற பழியைச் சுமக்கும்.

பணம் பேசும்போது வீட்டம்மாவிடம் பேசு. தழை ஒடிப்பது, சினை ஆட்டைப் பார்த்துக்கொள்வது, ராத்திரி குட்டி போட்டால் எழுந்து போவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது ஏழைப் பெண்களின் பெயரில்தான் ஆளுக்கு நான்கு ஆடுகள் கொடுத்தது. திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர் கையில் கூலியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதே.

இனி நோய் விஷயம். இதில் நீ தாட்சண்யமே பார்க்கக் கூடாது. ஆட்டுக்கொல்லி நோயும் கோமாரியும் ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்கு மனிதர்களின் செருப்பிலும் துணியிலும்கூடப் போகும். பத்து ஆடு வைத்திருக்கும் வீட்டில் நான்கு செத்தால் அந்த வருஷமே போயிற்று. ஆகவே ஒரு குழுவுக்கு ஒரு நாளில் ஒரு பட்டிதான். மூன்று வீடு காட்டினால் கூடுதலாகக் கிடைக்குமே என்று கணக்குப் போடாதே. உள்ளே போகும்போதும் வரும்போதும் செருப்பைக் கழுவச் சொல்.

ஆட்டிடமிருந்து மனிதருக்கும் நோய் வரும். இங்கிலாந்தில் காட்ஸ்டோன் என்ற பண்ணையில் ஆட்டையும் செம்மறியையும் தொட்டு விளையாட விட்டிருந்தார்கள். 2009-இல் அங்கே போன 93 பேருக்கு ஈ.கோலி தொற்று வந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிறுபிள்ளைகள். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து கியூ காய்ச்சல் பரவி 4,000 பேருக்கு மேல் படுத்தார்கள். குட்டி ஈனும்போது வெளிவரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் அந்தக் கிருமி குவிந்திருக்கும். அதனால் ஆடு ஈனும் இடத்துக்கு யாரையும் விடாதே. கர்ப்பிணிகளைக் கொட்டகைக்கு வெளியிலேயே நிறுத்து. பார்த்து முடித்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீரும் சோப்பும் நீ கொண்டுபோ, அந்த வீட்டுக் குடத்தில் கை வைக்காதே. கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடித்துப் பார்க்கிறேன் என்று யாராவது கேட்பார்கள். மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887-இல் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். ஆடுதான் மூலம் என்று 1905-இல் ஸம்மித் என்ற மருத்துவர் காட்டினார். ஆட்டுப்பாலை நிறுத்தியதும் சிப்பாய்களிடம் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. காய்ச்சிக் கொடு, இல்லையென்றால் கொடுக்காதே.

தீனி போட ஆசைப்படுவார்கள். பிஸ்கட், ரொட்டி, சோறு எதுவும் வேண்டாம். ஆட்டின் வயிறு புளித்து உப்பி உயிருக்கே ஆபத்தாகும். வழியோரத்தில் பூத்திருக்கும் உண்ணிச்செடியை ஒடித்து நீட்டுவார்கள். அது ஈரலைக் கெடுக்கும். வீட்டம்மா எடுத்துக் கொடுக்கும் தழையை மட்டும் போடட்டும்.

மேய்ச்சலைப் பற்றி விருந்தாளிகள் முன்னால் கேள்வி கேட்காதே. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது; சில நாட்களிலேயே அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து காட்டோரக் குடும்பங்களுக்கு, தங்கள் ஆடு எங்கே நிற்கிறது என்று யாரோ படம் எடுப்பதே பயம். யாரோ போடும் ஒரு காணொளியால் அவர்கள் வனத்துறைக்குப் பதில் சொல்லும்படி ஆகக் கூடாது. இருளர் பழங்குடி ஊர்களுக்குப் போகும்போது இதில் இன்னும் கவனம் வேண்டும்.

கரிக்கையூர் பாறை ஓவியங்கள் உனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கியவற்றில் பலவற்றை, மலையேற வந்தவர்கள் பெயர் எழுதியும் கிறுக்கியும் பாழாக்கிவிட்டார்கள். தடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இல்லை. நீ அந்த ஒருவராக இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மேய்ச்சலுக்கு ஓட்டும் நேரம், கொழுந்து எடுக்கும் நேரம், வீட்டில் சாவு, சடங்கு, காய்ச்சல் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டாம் என்று சொல்லும் நாள் உண்டு. முன்பணம் வாங்கிவிட்டாலும் அன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. முதல் குழுவுக்குத் தேதி சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டுக்குத் தனியாகப் போ, எந்த நேரம் வசதி, எத்தனை பேர் வரலாம், எவ்வளவு தர வேண்டும் என்று வீட்டம்மாவிடமே கேள். அவர் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்