கரையிலிருந்து கோட்டைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு

ஆலந்தலையிலும் அமலிநகரிலும் மணப்பாட்டிலும் கல்லூரி முடித்த பிள்ளைகள் சிலர் இப்போது என்னிடம் வந்து, "பெரியப்பா, எம்.எல்.ஏ. ஆகணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்கிறார்கள். கேட்கவே எனக்குச் சந்தோஷம். முத்துக்குளித்துறையிலிருந்து ஜே. எல். பி. ரோச் விக்டோரியா 1949-இல் சென்னை மாகாணத்தில் அமைந்த குமாரசாமி ராஜாவின் அமைச்சரவை வரை போனார். நம் திருச்செந்தூர்த் தொகுதியில் 1996-இல் வென்ற ஜெனிபர் சந்திரன் மீன்வளத் துறை அமைச்சரானார். 2001 முதல் இந்தத் தொகுதியில் அடுத்தடுத்து வென்ற அனிதா ராதாகிருஷ்ணனும் 2021-இல் அதே துறைக்கு அமைச்சரானார். போகும் வழி புதிதல்ல மக்கா. போய்ச் சேர்ந்தபின் செய்ய வேண்டியதைத்தான் பலர் கற்றுக்கொள்வதில்லை.

1. கரையை மட்டும் நம்பித் தேர்தலில் நிற்காதே. நம் ஊர் ஓட்டு முழுவதும் உனக்கே விழுந்தாலும் தொகுதி கிடைக்காது. ஆத்தூர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவருக்கு என்ன கூலி, உடன்குடியில் பனையேறுகிறவர் பதநீர்க் காலம் முடிந்தால் என்ன செய்கிறார், ஆறுமுகநேரி உப்பளத்தில் மழைக்காலத்தை எப்படிக் கழிக்கிறார்கள், காயல்பட்டினத்துக்காரர் எதற்காக அரசு அலுவலகத்துக்கு அலைகிறார் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுக் கேட்கும் நாளுக்கு முன்பே போய்வா. சாவு வீட்டுக்கும் போ. ஆனால், அதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடாதே.

2. வயது 25 நிறைந்திருக்க வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காமல் தோற்றால் அந்தப் பணம் திரும்பாது. சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் மறைக்காமல் எழுது.

3. கோயிலை மேடை ஆக்காதே. ஆலந்தலைத் திரு இருதயக் கெபிக்குப் போய் வேண்டிக்கொள், அது உன் விசுவாசம். பங்குச் சாமியாரையோ ஊர்க் கமிட்டியையோ உனக்காக ஓட்டுக் கேட்க வைக்காதே. மதத்தின் பேரால் வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் முறைகேடுதான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்புச் சொன்னது. பெற்ற வெற்றியே ரத்தாகலாம்.

4. எது யார் கையில் இருக்கிறது என்று படி. அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கடல் எல்லைக்கு அப்பால், அதாவது 12 கடல் மைலுக்கு வெளியே மீன்பிடிப்பது ஒன்றியப் பட்டியலில். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் பெருந்துறைமுகம், அதுவும் டெல்லியின் கையில். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகை மீட்பது வெளியுறவுத் துறையின் வேலை. மாநிலத்தின் கையில் இருப்பவை தடைக்கால நிவாரணம், மானிய டீசல், மீன் இறங்குதளம், வலைபின்னும் கூடம், 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். படகு பிடிபட்ட வீட்டில் போய் நின்று "நான் மீட்டுத் தருவேன்" என்று வாக்குக் கொடுக்காதே. மாவட்ட ஆட்சியர், தலைமைச் செயலகம், டெல்லி என்று மனு எப்படிப் போகும் என்பதை அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொல்லி, மனு எழுதிக் கொடுத்து, கூடவே அலை. 2025 ஏப்ரல் 2-இல் கச்சத்தீவை மீட்கக் கோரிப் பேரவை தீர்மானம் போட்டது. அது ஒன்றிய அரசுக்கு வைக்கும் வேண்டுகோள். தீர்மானத்துக்கும் ஆணைக்கும் உள்ள வேறுபாட்டை மக்களிடம் உள்ளபடி சொல்லிவிடு. உண்மையைச் சொன்னால் நம் சனங்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

5. என் மனசுக்கு மிக முக்கியமானது இதுதான். அவையில் இரு. கேள்வி நேரத்துக்கு முன்கூட்டியே வினா எழுதிக் கொடு. மீன்வளத் துறை மானியக் கோரிக்கை வரும் நாளில் தரும் கொள்கை விளக்கக் குறிப்பை, அறிவிப்புப் பக்கங்களோடு நிறுத்திவிடாமல், முழுக்கப் படி. போன ஆண்டு சொன்னவற்றில் எது முடிந்தது, எது அப்படியே கிடக்கிறது என்று பக்கத்துப் பக்கத்தில் குறித்துவை.

அமலிநகர்த் தூண்டில் வளைவை, அதாவது கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கட்டும் கல் தடுப்பை, எடுத்துக்கொள். 58 கோடி ரூபாயில் அமைப்போம் என்று 2022-இல் பேரவையில் அறிவித்தார்கள். ஊரே மகிழ்ந்தது. ஆனால் வேலை உடனே தொடங்கவில்லை. கடலுக்குள் கல் கொட்டும் பணிகள் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காகி நின்றன. 2023 ஆகஸ்டில் மீனவர்கள் தொழிலுக்குப் போகாமல் போராட்டத்தில் உட்கார வேண்டி வந்தது. அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் கூலியை இழந்துதான் அரசுக்கு அதன் வாக்கை நினைவூட்டின. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த நினைவூட்டலைச் செய்ய வேண்டியவர் உறுப்பினர். அமைச்சர் அவையில் தரும் வாக்குறுதிகளைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று பேரவையில் இருக்கிறது. புது உறுப்பினர்கள் பொதுக் கணக்குக் குழுவுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். நீ உறுதிமொழிக் குழுவைக் கேட்டு வாங்கு.

இன்னொன்றும் கவனி. தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைப் பிடித்தால் மறுபக்கம் கரை அரிக்கும். ஒரு ஊருக்குக் கேட்கும்போதே, பக்கத்து ஊர்க் கரைக்கு என்ன ஆகும் என்று ஆய்வறிக்கை கேள். ஆலந்தலைக்கு வாங்கிக் கொடுத்து அடுத்த ஊரை அழவைக்கக் கூடாது.

6. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பணம் உன் கைக்கு வராது. நீ பணியைப் பரிந்துரைப்பாய், ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். பேர் பொறித்த வளைவிலும் நிழற்குடையிலும் அதைக் கரைக்காதே. மீன் விற்கும் பெண்கள் ஏலக்கூடத்தில் உட்காரக் கூரை, தண்ணீர், கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் பார். இவற்றை வாய்திறந்து கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள்.

7. கட்சிக் கொறடாவின் ஆணையை மீறினால் பத்தாம் அட்டவணையின்படி பதவி போகலாம். கட்சி மாறத்தான் வேண்டுமென்றால் பதவியை விட்டுவிட்டு மக்களிடம் திரும்பிப் போ. 2009-இல் அனிதா ராதாகிருஷ்ணன் அ.தி.மு.க.விலிருந்து தி.மு.க.வுக்கு வந்தபோது உறுப்பினர் பதவியை விட்டு விலகி, இடைத்தேர்தலில் நின்று வென்றார். மாறியது சரியா தவறா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தீர்ப்பை வாக்காளரிடம் விட்ட முறை சரியானது என்பதே என் எண்ணம்.

8. மனுக்களுக்கு ஒரு பதிவேடு வை. தேதி, ஊர், கோரிக்கை, எந்த அலுவலகத்துக்கு அனுப்பினாய், என்ன பதில் வந்தது. கணினியில் வைத்தாலும் சரி. பதில் "முடியாது" என்றாலும் மனுக் கொடுத்தவருக்கு அதைச் சொல்லி அனுப்பு.

9. ஒரு நாள் தோற்பாய். திருச்செந்தூரில் 1952-இல் வென்ற சி. பா. ஆதித்தனார் பிறகு வேறு தொகுதிகளில் நின்று, 1967-இல் பேரவைத் தலைவர் நாற்காலி வரை போனார். ஒரு தொகுதி கைவிட்டுப் போனாலோ தோற்றாலோ ஒருவரின் பொதுவாழ்வு முடிந்துபோவதில்லை. தோற்றால், பதிவேட்டில் முடியாமல் கிடக்கும் மனுக்களை ஊர்வாரியாகப் பிரித்து நகலெடு. புதிதாக வென்றவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அவர் பதவி ஏற்ற வாரத்திலேயே நேரில் போய் அதைக் கொடுத்து, எந்தக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று சொல்லிவிட்டு வா.