முதற் பிள்ளையும் வாப்பாவின் கடமையும்

 

புதுக் கடை திறப்பதென்றால் முதல், சரக்கு, ஆள் எல்லாவற்றையும் பத்து முறை கணக்குப் பார்க்கிறோம். முதற் பிள்ளை பிறக்கும்போது மட்டும், “அது பெண்கள் காரியம்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறோம். இது சரியா?

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. நம் பாட்டன்மார்களில் பலர் மனைவியை ஊரில் விட்டு, ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குச் சபர் வந்தவர்கள். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் வரும். பிள்ளை நடந்து பேசத் தொடங்கிய பிறகே அதன் முகத்தைக் கண்டவர்கள் ஏராளம். அன்று வேறு வழியில்லை. 1985-ல் ‘சிதம்பரம்’ கப்பல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது. ஆனால் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது? பிள்ளைக்குப் பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்பது அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் காட்டும் சட்டம். பணம் கொடுத்தால் போதுமோ? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது வீட்டாருக்கு ஊழியம் செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியில் இருக்கிறது. நம்மில் யார் அவர்களைவிட அலுவல் மிகுந்தவர்?

பிறந்ததும் காதில் பாங்கு சொல்கிறோம். ஏழாம் நாள் பெயரிட்டு, முடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்து, ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண் பிள்ளைக்கு ஓர் ஆடு அகீகா கொடுக்கிறோம். இவை சுன்னத்தான காரியங்கள். வசதியில்லாதவர் இதற்காகக் கடன்பட வேண்டியதில்லை. ஆனால் நூறு பேருக்கு விருந்து வைத்துவிட்டு, இரவில் பிள்ளை அழும்போது திரும்பிப் படுத்துக்கொள்வது அழகல்ல. பால் கொடுப்பது தாயால்தான் ஆகும். தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வதும், துணி மாற்றுவதும், தாய் இரண்டு மணி நேரம் தூங்கும்படி பிள்ளையை ஏந்தி நடப்பதும் வாப்பாவாலும் ஆகும்.

பேறு முடிந்த பெண் காரணமின்றி அழுதால் கோபிக்காதீர்கள். சில நாட்களில் அது தணிந்துவிடுவது வழக்கம். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் அது நோயாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

முதலாளிமார்களுக்கும் ஒரு சொல். 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டுச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்த மணமான ஊழியருக்கு, மனைவியின் பிரசவத்துக்குச் சம்பளத்துடன் 7 நாள் விடுப்பு உண்டு. ஐந்து பிரசவம் வரை இது செல்லும். 30 நாளுக்கு முன்னரே, அல்லது இயன்றவரை விரைவில், அவர் தெரிவிக்க வேண்டும். சிறிய கடையானாலும் இது சலுகையல்ல, அவருடைய ஹக்கு. பேரேட்டில் அந்த ஏழு நாளை நஷ்டம் என்று எழுதாதீர்கள்.

ஊரிலிருந்து வந்து நம் கடையில் நிற்கும் தம்பி, முதற் பிள்ளையைக் கைப்பேசியில் பார்த்துக் கண் துடைத்துக்கொள்கிறான். நம் பாட்டனார் பட்ட பாட்டை இன்று அவன் படுகிறான். சட்டம் சொல்லும் ஏழு நாளோடு நிறுத்தாமல், ஊர் போய் வர அவகாசமும், இயன்றால் டிக்கெட்டும் கொடுத்து அனுப்புங்கள். அந்தப் பிள்ளையும் அதன் தாயும் கேட்கும் துஆ நம் வியாபாரத்துக்குப் பரக்கத்தாகும், இன்ஷா அல்லாஹ்.