லினக்ஸில் விண்டோஸ் கேம்ஸ்: புதியவர்களுக்கு ஒரு பாடம்

“அண்ணா, லினக்ஸ் போட்டால் என் கேம்ஸ் எல்லாம் போய்விடுமா?”

ஆதம்பாக்கத்தில் எங்கள் மாடி வீட்டில் இருக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் கேட்ட கேள்வி இது. அவன் அப்பா இன்சூரன்ஸ் ஏஜென்ட். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இன்டெல் 7ஆம் தலைமுறை பிராசசர், 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. பையன் கேம் விளையாடுவதும் அதில்தான். அப்பாவின் கஸ்டமர்களுடைய ஆதார் நகல்களும் பாலிசி விவரங்களும் இருப்பதும் அதில்தான்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓர் ஆண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 போடலாமா என்றால், அது இன்டெல்லில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை மற்றும் அதற்குப் பிந்தைய பிராசசர்களைத்தான் ஏற்கிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்க இப்போது பணம் இல்லை. மிச்சம் இருக்கும் வழி லினக்ஸ். அது இலவசம், அப்டேட்டும் தொடர்ந்து வரும். பையனின் கவலை மட்டும்தான் பாக்கி.

உங்கள் வீட்டிலும் இதே நிலைமை இருக்கலாம். எனவே லினக்ஸில் விண்டோஸ் கேம்ஸ் எப்படி ஓடுகின்றன, எவை ஓடாது, மாறும் முன் என்ன பார்க்க வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் காண்போம்.

கேம் ஏன் இடம் மாற மறுக்கிறது?

ஒரு கேம் தன் வேலைகளைத் தானே முழுவதும் செய்துகொள்வதில்லை. “இந்த பைலைத் திற, இந்தப் படத்தைத் திரையில் வரை, இந்த ஒலியை எழுப்பு” என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டுக்கொண்டே இருக்கும. விண்டோஸுக்கு எழுதப்பட்ட கேம், விண்டோஸுக்குப் புரியும் முறையில்தான் கேட்கும். படம் வரைய அது பயன்படுத்தும் முறைக்கு டைரக்ட்எக்ஸ் என்று பெயர். லினக்ஸுக்கு இந்த மொழி தெரியாது. இதைத் தீர்க்க மூன்று வழிகள் உள்ளன.

1. கேமை உருவாக்கியவர்களே மற்ற சிஸ்டத்துக்காக மாற்றி எழுதித் தருவது. இதை ‘போர்ட்’ என்பார்கள். பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் நம்மில் பலர் விளையாடிய டேஞ்சரஸ் டேவ் (1988), பிரின்ஸ் ஆப் பெர்சியா (1989) இரண்டுமே முதலில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டவை. பிறகுதான் டாஸுக்கு வந்தன. அதாவது, நாம் விளையாடியதே இடம் மாறி வந்த கேம்கள்தான்!

2. பழைய கம்ப்யூட்டரையே சாப்ட்வேரால் போலியாக உருவாக்குவது. இது ‘எமுலேட்டர்’. டாஸ் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் இந்த வகை. பழைய சின்ன கேம்களுக்கு இது போதும். புதிய பெரிய கேம்களுக்கு வேகம் போதாது.

3. கேம் கேட்பதை அப்போதைக்கப்போது மொழிபெயர்த்துச் சொல்வது. இன்று லினக்ஸில் விண்டோஸ் கேம்ஸ் ஓடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

மொழிபெயர்ப்பாளர் ‘ஒயின்’

சென்னை மருத்துவமனைகளுக்கு வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். டாக்டருக்கு வங்காளி தெரியாது, நோயாளிக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்த ஒருவர் இருந்தால் வேலை நடந்துவிடும். டாக்டரும் மாறவில்லை, நோயாளியும் மாறவில்லை. லினக்ஸில் அந்த நடு ஆளின் பெயர் ‘ஒயின்’.

ஒயின் திட்டம் 1993இல் தொடங்கியது. அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூனில். நடுவில் 15 ஆண்டுகள்! விண்டோஸின் ஆயிரக்கணக்கான கட்டளைகளுக்கு ஒவ்வொன்றாக மாற்று எழுத வேண்டியிருந்ததே காரணம். அப்போதும் அதை அமைப்பது சாதாரண மக்களுக்கு எளிதாக இல்லை.

நம் ஊருக்கு லினக்ஸ் புதிதல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. ஆனால், “அதில் கேம் ஓடாதே” என்று விண்டோஸ் பக்கமே இருந்துவிட்ட மாணவர்கள் உண்டு.

இந்த நிலையை மாற்றியது ‘புரோட்டான்’. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், கோட்வீவர்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2018 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. ஒயினையும், டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கன் என்ற கிராபிக்ஸ் முறைக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே போன்ற சாப்ட்வேர்களையும் ஒன்றாகக் கட்டி ஸ்டீமுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 2022 பிப்ரவரியில் வால்வ் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடுவது. அதற்காகவே புரோட்டானை மேலும் செம்மைப்படுத்தினார்கள். அந்தப் பலன் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் கிடைக்கிறது.

மாறும் முன் மூன்று சோதனைகள்

முதல் சோதனை: கிராபிக்ஸ். புரோட்டானுக்கு வல்கன் தேவை. இன்டெல் உள்கிராபிக்ஸ் மட்டும் இருந்தால் 6ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருப்பது நல்லது. 4ஆம் தலைமுறைக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் பல கேம்கள் ஓடாது.

இரண்டாவது: உங்கள் கேம். புரோட்டான்டிபி என்ற இணையதளத்தில் கேமின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். பயன்படுத்தியவர்கள் தந்த அனுபவத்தை வைத்து பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ், போர்க்டு என்று தரம் போட்டிருப்பார்கள். முதல் இரண்டும் என்றால் பயமில்லை. போர்க்டு என்றால் ஓடாது.

மூன்றாவது: ஆன்லைன் போட்டி கேமா? ஏமாற்றி விளையாடுபவர்களைப் பிடிக்க இவற்றில் ‘ஆன்டி சீட்’ என்ற காவல் சாப்ட்வேர் இருக்கும். அது லினக்ஸை ஏற்பதும் மறுப்பதும் அந்த நிறுவனத்தின் முடிவு. வேலரன்ட், போர்ட்நைட் லினக்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முன்பு ஓடியது. 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸைத் தடுத்துவிட்டார்கள். இன்று ஓடும் ஆன்லைன் கேம் நாளையும் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது.

செய்யும் முறை

1. முக்கியமான பைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். காப்பி சரியாகத் திறக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் பாருங்கள். இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. லினக்ஸ் மின்ட் பைலை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து டவுன்லோட் செய்து, ரூபஸ் சாப்ட்வேர் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும், கவனம்.

3. பென் டிரைவிலிருந்தே பூட் செய்யுங்கள். எதையும் இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் திரையில் வரும். வைபை, ஒலி, பிரின்டர் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். திருப்தியானால் மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள்.

4. இன்ஸ்டால் ஆனதும், எல்லா அப்டேட்டையும் போடுங்கள். சாப்ட்வேர் மேனேஜரைத் திறந்து ஸ்டீம் என்று தேடி இன்ஸ்டால் செய்து, உங்கள் கணக்கில் நுழையுங்கள்.

5. ஸ்டீமில் கேமின் பெயரை ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், பிறகு கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே குறிப்பிட்ட புரோட்டான் பதிப்பைக் கட்டாயமாகப் பயன்படுத்தச் சொல்லும் கட்டத்தை டிக் செய்து பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பதிப்பில் ஓடாத கேம் இன்னொன்றில் ஓடுவது உண்டு.

6. விண்டோஸ் பார்ட்டிஷனில் ஏற்கெனவே இருக்கும் கேம் போல்டரை அப்படியே பயன்படுத்த வேண்டாம். என்டிஎப்எஸ் டிஸ்க்கில் புரோட்டான் அடிக்கடி தகராறு செய்யும். லினக்ஸ் பார்ட்டிஷனில் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள்.

முதல் முறை கேம் திறக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். ஷேடர்களைத் தயார் செய்கிறது என்று பொருள். ஹேங் ஆகிவிட்டது என்று பவரை நிறுத்திவிடாதீர்கள்.

மாடி வீட்டில் என்ன நடந்தது?

அவன் விளையாடி வந்தவை மூன்று கேம்கள். ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2 டெபினிட்டிவ் எடிஷனுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. புரோட்டானில் நன்றாகவே ஓடியது. 2022இல் வந்த ‘டைனஸ்டீஸ் ஆப் இந்தியா’ இணைப்பில் திராவிடர்கள் என்ற நாகரிகமும் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் உண்டு. அதை அவன் அப்பாவும் உட்கார்ந்து பார்த்தார். கவுண்டர் ஸ்டிரைக் 2க்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. ஆனால் உள்கிராபிக்ஸ் போதாமல் திணறியது. இது லினக்ஸின் குற்றமல்ல, விண்டோஸிலும் அந்தக் கம்ப்யூட்டரில் திணறியதுதான். வேலரன்ட் போயே போய்விட்டது.

பையன் முகம் வாடியது உண்மை. இரண்டு சிஸ்டத்தையும் வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தோம். அப்பாவின் பைல்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் அப்டேட் இல்லாத விண்டோஸை இன்டர்நெட்டில் திறந்து வைப்பது, பின்கதவைப் பூட்டாமல் ஊருக்குப் போவதற்குச் சமம். வேண்டாம் என்று அவனே ஒப்புக்கொண்டான். காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன் ஒரு கேமின் கிராக் பதிப்பை இறக்க முயன்றபோது, ஆன்டி வைரஸை அணைக்கும்படி அந்தத் தளம் கேட்டதாம். நல்ல வேளையாக அங்கேயே நிறுத்திவிட்டான். ‘காவலை எடு’ என்று கேட்பவரை வீட்டுக்குள் விடலாமா?

காசு கொடுத்து வாங்கும் கேம் ஓடாவிட்டால் என்ன செய்வது? ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள். செலவே வேண்டாம் என்றால் சூப்பர்டக்ஸ்கார்ட், 0 ஏ.டி. போன்ற இலவச கேம்கள் லினக்ஸிலேயே நேரடியாக ஓடும். 0 ஏ.டி.யில் மௌரியப் பேரரசும் உண்டு.

செய்து பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டில் விளையாடும் கேம்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, புரோட்டான்டிபி தரம் என்ன, ஆன்டி சீட் உண்டா, உங்கள் கிராபிக்ஸ் போதுமா என்று குறியுங்கள். பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவெடுங்கள். எது போகும், எது தங்கும் என்று முதலிலேயே தெரிந்தால், மாறிய பிறகு யாருக்கும் மனக்கசப்பு இருக்காது.