ஏரிக்கரைச் சேமிப்பு: கிளையில் வைப்பதா, போனில் வைப்பதா?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் காசு மாதச் சம்பளம்போல வருவதில்லை. தலைக்கட்டுக்கு முறை வைத்து, சீட்டுக் குலுக்கிப் பாடு (வலை போடும் இடமும் நாளும்) பிரித்துக்கொள்ளும் ஊர்கள் இவை. உங்கள் பாடு நாளில் இறால் ஓடினால் நல்ல காசு. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் வலை வெறுமையாக ஏறும். கடல் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. ஆகவே இங்கே சேமிப்பு என்றால் வட்டிக் கணக்கு மட்டும் அல்ல. வரத்து உள்ள நாளில் எடுத்து வைத்ததை, வரத்து இல்லாத நாளில் சிக்கலில்லாமல் திரும்ப எடுக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சேமிப்பின் பெரும்பகுதி, நேரில் போய் ஓர் ஆளைப் பார்த்துக் கேட்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். அது வங்கிக் கிளையாக இருக்கலாம், தபால் அலுவலகமாகவும் இருக்கலாம். போனில் இருக்க வேண்டியது ஒரு வாரத்துக்குப் புழங்குகிற பணம் மட்டும்.

முதலில், 'ஆன்லைன் வங்கி' என்று வரும் விளம்பரத்தைப் பிரித்துப் பாருங்கள். கிளையே இல்லாமல் போனில் மட்டும் நடக்கும் வங்கி என்று ரிசர்வ் வங்கி இந்தியாவில் தனி உரிமம் கொடுப்பதில்லை. ஆகவே உங்கள் முன்னால் வருவது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கிளை உள்ள வங்கியே போன் வழியாகத் திறந்து தரும் கணக்கு ஒன்று. பேமென்ட்ஸ் வங்கி இன்னொன்று; அதில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது, அது கடன் கொடுக்கவும் கூடாது. மூன்றாவது, வங்கியே அல்லாத ஒரு செயலி நிறுவனம். முகம் அதனுடையது, பணம் இருப்பது பின்னால் உள்ள வேறொரு வங்கியில். மூன்றாவது வகை என்றால் அந்த வங்கியின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் என்று பார்த்தால் கிளைக்கும் போனுக்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லை. உரிமம் பெற்ற வங்கி எதுவானாலும், அது முடங்கினால் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு; 2020 பிப்ரவரிக்கு முன்பு இது 1 லட்சமாக இருந்தது. பேமென்ட்ஸ் வங்கியில் உள்ள வைப்புக்கும் இது பொருந்தும், வாலட்டில் கிடக்கும் பணத்துக்குப் பொருந்தாது. தபால் அலுவலகச் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு.

வட்டியைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், அதனால் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். வருடம் முழுக்க 20,000 ரூபாய் கணக்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட் வங்கி 2025 ஜூனிலிருந்து தரும் 2.5 சதவீதத்தில் 500 ரூபாய் வரும். தபால் சேமிப்புக் கணக்கின் 4 சதவீதத்தில் 800 ரூபாய். 7 சதவீதம் என்று எந்த விளம்பரமாவது சொன்னால் 1,400 ரூபாய். ஆனால் அந்த உயர்ந்த விகிதம் பெரும்பாலும் லட்சக்கணக்கில் இருப்பு வைத்தால்தான் கிடைக்கும், சிறுதொகைக்கு அல்ல. கிளைக்கும் தபாலுக்கும் உள்ள 300 ரூபாய் வித்தியாசம் பக்கத்து நகரமான பொன்னேரிக்குப் போய்வரும் நாலைந்து பயணத்தில் கரைந்துவிடும். ஒருநாள் தொழில் கெட்டால் அதுவும் மிஞ்சாது. சிறுசேமிப்புக்கு வட்டி இரண்டாம் பட்சம்தான்.

பிடித்தம் அப்படி அல்ல. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை முதன்முதலாக வந்தபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அந்த 1,000 ரூபாயிலிருந்தே எடுத்துக்கொண்டன. அப்போதைய தமிழக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தலையிட்டுக் கண்டிக்க வேண்டியிருந்தது. ஸ்டேட் வங்கி 2020-லும், இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் சேமிப்புக் கணக்குக்கு இந்த அபராதத்தை நீக்கிவிட்டன. பல தனியார் வங்கிகளில் இன்னும் உண்டு. எங்கே திறந்தாலும் 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது, மாதத்துக்கு நான்கு முறை கட்டணமில்லாமல் எடுக்கலாம்.

இப்போது கனமான விஷயத்துக்கு வருகிறேன். ஏரியில் இறங்கி, தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கிற பெண்களின் விரல் நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? உப்பும் சேறும் தேய்த்து ரேகை மழுங்கிப் போயிருக்கும். ஒருநாள் மதியம், விரல் வைத்துப் பணம் எடுக்கும் கருவி முன்னால் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். "இன்னொரு விரலை வைங்கக்கா" என்றார் கருவி வைத்திருந்த பையன். ஐந்து விரலும் ஆயிற்று. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு இன்னொரு கையையும் வைத்தார். சிவப்பு விளக்குத்தான். பணம் அவருடையது, கணக்கு அவருடையது, ஆனால் கையில் வரவில்லை. இந்த இடத்தில் கிளையும் பாஸ்புக்கும் செய்கிற வேலையைப் போன் செய்யாது. பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்தோ, அறிந்தவர் முன்னிலையில் கைநாட்டோ போதும். இப்படிப் பலமுறை முயலும்போது கணக்கில் கழிந்தும் பணம் கையில் வராமல் போனால், ஐந்து நாளுக்குள் அது திரும்ப வந்தாக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று 2019-லேயே ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. நீங்கள் கேட்காமலே தர வேண்டியது அது; வராவிட்டால் கேளுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். போனில் திறக்கிற கணக்கு பொதுவாக ஒருவர் பெயரில் மட்டும்தான் இருக்கும். கணவன் போன், கணவன் கணக்கு, கணவன் மட்டும் அறிந்த பின் நம்பர். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால் என்ன ஆகும்? காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் கருதுவதற்குப் பொதுவாக ஏழு வருடம் வேண்டும். நாமினியாகப் பெயர் இருந்தாலும் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அந்த வீட்டில் பணம் இருந்தும் இல்லாத நிலைமை. கணவன் மனைவி இருவர் பெயரிலும், 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக்கணக்கு இருந்திருந்தால், அடுத்த நாளே அவர் போய் அரிசிக்குப் பணம் எடுத்திருப்பார். அந்தக் கூட்டுக்கணக்கைக் கிளையிலோ தபால் அலுவலகத்திலோ இருவரும் நேரில் போய்த் திறக்க வேண்டும். கடற்கரை ஊரில் கிளைக்காக நான் வாதாடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

நிவாரணமும் உதவித்தொகையும் வரும் கணக்கை விளையாட்டாக மாற்றிவிடாதீர்கள். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். சிம் வாங்கும்போதோ, செயலி நிறுவும்போதோ "சரி" என்று ஒரு கட்டத்தைத் தொட்டாலே போதும், இணைப்பு இடம் மாறிவிடக்கூடும். 2017-ல் ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் இப்படி வாடிக்கையாளருக்குத் தெரியாமலே திறந்த கணக்குகளுக்குக் கேஸ் மானியம் போனது. ஆதார் ஆணையம் அதன் அனுமதியை நிறுத்தி வைத்தது, 2018-ல் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வரவில்லை என்று அலைவதற்கு முன், உங்கள் ஆதார் எந்த வங்கியில் நிற்கிறது என்று விசாரியுங்கள்.

போனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஏலம் முடிந்த இடத்திலேயே வியாபாரி பணத்தை அனுப்பிவிடுகிறார். ஈரக் கையில் நோட்டை எண்ண வேண்டியதில்லை. அனுப்பியது எழுத்தில் நிற்கிறது, "கொடுத்தேன், கொடுக்கவில்லை" என்ற சண்டை இல்லை. சென்னையில் படிக்கிற பிள்ளைக்கு ஒரு நொடியில் பணம் போகிறது. இவையெல்லாம் புழக்கத்துக்குப் பெரிய வசதி. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை வட்டாரத்தில் மின்சாரமும் செல்போன் இணைப்பும் நாள்கணக்கில் போயின. அந்த நாட்களில் போனில் இருந்த பணத்தால் பால்கூட வாங்க முடியாது. ஆயிரம் ஐந்நூறு வீட்டில் நோட்டாக இருக்கட்டும்.

கடன் வேண்டுமென்றாலும் கிளைதான் வழி. மீனவர்களுக்கும் 2018-19 முதல் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். கணக்கில் வரவு செலவு நடந்த பழைய வாடிக்கையாளருக்கு மேலாளர் கொடுக்கும் மரியாதை வேறு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்கிற கட்டாயத்திலிருந்து வெளியே வர இது ஒரு வழி.

வங்கிக்குப் போகும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம். நீங்கள் சிறுகச் சிறுகக் கட்டும் 1,500 ரூபாயோடு அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. எந்த வங்கியும் இவ்வளவு தராது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். மீனவ மகளிருக்கும் தனியாக உண்டு.

ஏற்பாட்டை இப்படிச் செய்துகொள்ளலாம். கிளையிலோ தபால் அலுவலகத்திலோ கூட்டுக்கணக்கு. அதை எந்தப் போன் செயலியோடும் இணைக்காதீர்கள். தனியாக ஒரு சிறு கணக்கு திறந்து, யுபிஐ அதில் மட்டும் ஓடட்டும். தபால்காரர் வீட்டுக்கே வந்து திறந்து தரும் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு இதற்குப் பொருத்தம்.  பாடு நன்றாக விழுந்த வாரத்தில், செலவு போக மிஞ்சியதைப் பெரிய கணக்கில் போட்டுவிடுங்கள். யாராவது ஓடிபி கேட்டு ஏமாற்றினாலும் போவது ஒரு வாரத்துக் காசோடு நிற்கும். அப்படிப் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இந்த வாரம் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். என்ட்ரி போட்டு வாங்குங்கள். நாமினி பெயர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். போகும்போது மனைவியையும் அழைத்துக்கொண்டு போய், கணக்கில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டு வாருங்கள்.