நெட்டையா? குட்டையா?
காற்றுத் துப்பாக்கி வாங்கப்போன ஒரு மெக்கானிக்கல் மாணவனின் கணக்கு



போன ஆண்டு மலரில் நம் சீனியர் அண்ணன் ஒருவர் மோட்டார் பைக் தேர்வு செய்வது எப்படி என்று எழுதியிருந்தார். இந்த ஆண்டு நான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பயப்பட வேண்டாம், இது வெறும் காற்றுத் துப்பாக்கி. காகித இலக்கைத் தவிர வேறெதையும் சுடாது.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய ஏர்கன்னை வாங்கி, எங்கள் உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஒரு மடையானைச் சுட்டேன். குறி பார்த்துதான் சுட்டேன், ஆனால் படும் என்று நினைக்கவில்லை. பட்டுவிட்டது. அது ஒற்றை இறக்கையை அடித்துக்கொண்டு சேற்றில் சுற்றியது. எங்க ஆயா பிறந்த ஊர் வேடந்தாங்கல் பக்கம். அன்று அது சாப்பிடவில்லை. "எங்க ஊருல வெள்ளக்காரனே சுடக்கூடாதுன்னு எழுதிக் குடுத்தான்டா, நீ சுட்டுட்டு வந்து நிக்கிற" என்று மட்டும் சொன்னது.

ஆயா சொன்னது கதையல்ல, வரலாறு. வேடந்தாங்கலில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்க ஊராருக்கு உரிமை உண்டு என்று எழுதிக்கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. இன்று 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

ஆகவே, வாரக் கடைசியில் லேத் பட்டறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் துப்பாக்கி வாங்கப்போகிறேன் என்றதும் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஏரிப் பக்கம் எடுத்துட்டுப் போன, கிணத்துல போட்டுடுவேன்." ஒத்துக்கொண்டேன்.

குடவோலை காட்டிய வழி

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு உங்களுக்குத் தெரியும். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. குடத்தில் ஓலையைப் போடுவதற்கு முன்பே தகுதி பார்த்தார்கள். சொந்த நிலம் வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. தகுதியில்லாததை முதலில் கழித்துவிட்டால் மிச்சத்தில் தேர்வு சுலபம். நானும் அப்படியே செய்தேன்.

முதல் தகுதி, சட்டம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேற்படாமல், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டியதில்லை. நம் கணக்கிலேயே பார்க்கலாம். குண்டின் எடை 0.52 கிராம். அரை எம் வி ஸ்கொயர் 20 என்றால், வேகம் விநாடிக்குச் சுமார் 277 மீட்டர். இதைத் தாண்டினால் நீங்கள் விளையாட்டுக்காரர் அல்ல, லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருப்பவர்! 10 மீட்டர் போட்டிக்கு இதில் பாதி ஆற்றலே தாராளம்.

இந்தக் கழித்தலுக்குப் பிறகு இரண்டு மிஞ்சின. இரண்டுமே காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அடைத்துச் சுடும் பி.சி.பி. வகை. ஒன்று வழக்கமான நீளக் கட்டை. இன்னொன்று 'புல்பப்'. நான் வைத்த பெயர் நெட்டை, குட்டை.

புல்பப் என்றால் என்ன?

சாதாரணத் துப்பாக்கியில் விசைக்கு முன்னால் இயக்கப் பகுதி, பின்னால் வெறும் கட்டை. அந்தக் கட்டைக்குள்ளேயே இயக்கப் பகுதியைத் தள்ளிவிட்டு, விசையை முன்னால் கொண்டுவந்தால் அது புல்பப். குழல் நீளம் குறையாது, மொத்த நீளம் குறையும். அமெரிக்காவின் எம்-16ஏ2, ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக் இரண்டுக்கும் குழல் 508 மி.மீ. ஆனால் முன்னது ஏறக்குறைய 1 மீட்டர், பின்னது 79 செ.மீ. கவச வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சிப்பாய்க்கு அந்த 21 செ.மீ. பெரிய விஷயம். நம் நாட்டுச் சிறப்புப் படைகளும் இஸ்ரேலின் டவோர் என்ற புல்பப்பை வாங்கின. அதே சமயம், 1970-களின் கடைசியிலிருந்து ஃபமாஸ் என்ற புல்பப்பை வைத்திருந்த பிரான்ஸ், 2016-ல் பழைய அமைப்புள்ள எச்.கே.416-ஐத் தேர்ந்தெடுத்தது. ஆக, குட்டை என்றாலே உயர்ந்தது என்று அர்த்தமில்லை.

நான்கு பாடங்கள்

ஒன்று, விசை. குட்டையில் விசை முன்னால், அது விடுவிக்க வேண்டிய கொக்கி பின்னால். நடுவில் ஒரு நீளமான கம்பி. பழைய சைக்கிளின் ராடு பிரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம், எல்லாம் சேர்ந்து கைக்கு 'கொழகொழ' என்று தெரியும். நல்ல தயாரிப்பில் இது குறையும், முழுக்கப் போகாது.

இரண்டு, பார்வைக் கோடு. குட்டையில் கன்னம் இயக்கப் பகுதியின் மேலேயே படிகிறது. அதனால் தொலைநோக்கி உயரமாக நிற்கும். நான் அளந்தபோது குழல் மையத்திலிருந்து நெட்டையில் 40 மி.மீ., குட்டையில் 60 மி.மீ. இரண்டையும் 20 மீட்டருக்குச் சரிசெய்து, அப்படியே 10 மீட்டரில் சுட்டால், ஒத்த முக்கோண விதிப்படி குட்டையின் குண்டு நெட்டையைவிட 10 மி.மீ. கீழே போகும். போட்டி இலக்கில் ஒரு வளையத்துக்கு 2.5 மி.மீ. நான்கு வளையம் காலி!

மூன்று, ஆட்டம். கழைக்கூத்தாடி ஏன் நீளமான கம்பைப் பிடிக்கிறார்? நிலைமத் திருப்புத்திறன்! அரைக் கிலோ எடை தோளிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் 0.18, 30 செ.மீ. என்றால் 0.045. நான்கில் ஒரு பங்கு. குட்டை சட்டென்று திரும்பும், அதேபோல் சட்டென்று நடுங்கும்.

நான்கு, கன்னத்தருகே இருக்கும் காற்று. 200 பார் என்றால் ஒரு சதுர செ.மீ. மேல் சுமார் 204 கிலோ. உள்விட்டம் 30 மி.மீ., சுவர் 3 மி.மீ. என்றால் வளைய அழுத்தம் ஒரு சதுர மி.மீ.க்கு 100 நியூட்டன். இது இரண்டாம் ஆண்டுக் கணக்குதான். அதைப் போட்டுக் காட்டியதும் என் நண்பன் ஒருவன், "மச்சி, நாமளே லேத்துல கடைஞ்சிடலாம்டா" என்றான். வேண்டவே வேண்டாம்! அவன் எடுத்துக் காட்டியது பட்டறையில் கிடந்த பெயர் தெரியாத இரும்பு. உள்ளே கீறல் உண்டா, மரை எவ்வளவு தாங்கும், எத்தனை முறை நிரப்பினால் களைத்து உடையும் என்று அந்த ஒரு வரிச் சூத்திரம் சொல்லாது. சோதனை முத்திரை உள்ள சிலிண்டர் மட்டுமே வாங்குங்கள். நிரப்பும் இடத்தில் எண்ணெய் போடாதீர்கள். அழுத்தத்தில் டீசல் என்ஜின் போலப் பற்றிக்கொள்ளும்.

சுட்டுப் பார்த்தேன்

சென்னையில் என் மாமா பையன் சுடுகிற இடத்தில் இரண்டையும் கடன் வாங்கினேன். 10 மீட்டர், ஒவ்வொன்றிலும் 50 குண்டு, 500 மதிப்பெண். மணல் மூட்டையில் சாய்த்துச் சுட்டபோது நெட்டை 462, குட்டை 459. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். நின்று சுட்டபோது நெட்டை 371, குட்டை 338! குழல் குறை சொல்ல முடியாதது, குறை என் கையில்தான். ஆனால் என் கையின் குறையை நெட்டை மன்னிக்கிறது, குட்டை காட்டிக்கொடுக்கிறது. இது என் உடம்புக்கான கணக்கு. உங்களுக்கு மாறலாம், சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

குட்டைக்கும் நியாயம் சொல்ல வேண்டும். பையில் அடங்கும், உத்திரமேரூர் பஸ்ஸில் யார் முழங்காலையும் இடிக்காது, அம்மாவின் பீரோவில் குறுக்கே நிற்கும். உட்கார்ந்து, சாய்த்துச் சுடுகிறவர்களுக்கு அது அருமையான துணை. நானோ நின்று சுட ஆசைப்படுகிறவன். 2008 பெய்ஜிங்கில் 700.5 புள்ளியோடு தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, 2012 லண்டனில் வெண்கலம் வென்ற சென்னையில் பிறந்த ககன் நாரங், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், எல்லோரும் 10 மீட்டரில் நின்றுதான் சுட்டார்கள். அந்த இலக்கில் பத்தாம் புள்ளி வெறும் 0.5 மி.மீ.!

முடிவு? நெட்டை. நீளமான பையைத் தோளில் மாட்டி வீட்டுக்கு வந்தபோது ஆயா திண்ணையில் இருந்தது. பையைத் தொட்டுப் பார்த்து, "எத சுடப்போற?" என்றது. மாமா பையன் கொடுத்த காகித இலக்கை எடுத்து நீட்டினேன். நடுப்புள்ளியைத் தேடிவிட்டு, "இத்தினூண்டா? இதச் சுடு மொதல்ல" என்று சிரித்தது.

இரண்டு மாதமாகச் சுடுகிறேன். போன ஞாயிறு 389. ஆயாவிடம் காகிதத்தைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

நண்பர்களே, பைக்கோ, மெஷினோ, துப்பாக்கியோ, எதை வாங்கினாலும் முதலில் 'எதற்கு' என்று கேளுங்கள். பிறகு கூடாததைக் கழியுங்கள். கடைசியாகக் கையில் எடுத்துப் பாருங்கள். விலையும் அழகும் அதற்குப் பிறகு.



– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு