பதினாறு என்று முதலிலேயே சொல்லிவிடாதே

அன்புள்ள தம்பி,

ஷா ஆலமில் மூன்றாம் படிவத்துக்கு அறிவியல் எடுக்கத் தொடங்கியிருப்பதாகவும், அடுத்த வாரம் மூச்சுக்காற்றுச் சோதனை வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். உன்னைப்போல் ஆய்வுக்கூடத்தில் புதிதாகக் கால் வைக்கும் மற்ற ஆசிரியர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

நாம் உள்ளிழுக்கும் காற்றில் உயிர்வளி 21 விழுக்காடு, வெளிவிடும் காற்றில் ஏறக்குறைய 16. கரிவளி 0.04இலிருந்து 4 வரை ஏறுகிறது. இந்த எண்களை வெண்பலகையில் எழுதிவிட்டுச் சோதனையைத் தொடங்காதே. எழுதிவிட்டால் பிள்ளைகள் அளக்க மாட்டார்கள். 16 வரும்வரை கண்ணைச் சாய்த்துப் பார்ப்பார்கள்.

அதற்குப் பதிலாக, "நாம் வெளியே விடுவது என்ன?" என்று கேள். பாதி வகுப்பு "கரிவளி" என்று மட்டும்தான் சொல்லும். செம்பிறைச் சங்கத்தில் முதலுதவி பழகிய பிள்ளை யாராவது இருந்தால் அவரை எழுப்பு. மூச்சு நின்றவருக்கு வாய்வழி ஊதுகிறோமே, நம் மூச்சில் உயிர்வளியே இல்லையென்றால் அது எப்படி உதவும்? இந்தக் கேள்விக்குப் பிறகுதான் அளப்பதற்கு ஒரு காரணம் பிறக்கும்.

பெரும்பாலோர் மெழுகுவர்த்தியில்தான் தொடங்குகிறார்கள். சாதாரணக் காற்றுள்ள சாடியில் சற்று நேரம் எரியும். மூச்சுக்காற்று நிரப்பிய சாடியில் விரைவில் அணையும். ஒப்பிட்டுக் காட்ட அது நல்லது. ஆனால் அது அளவு ஆகாது. உயிர்வளி தீர்ந்து போவதால் சுடர் அணைவதில்லை. 16 விழுக்காட்டை ஒட்டி இறங்கும்போதே அணைந்துவிடுகிறது. நம் மூச்சு ஏறத்தாழ அந்த எல்லையில்தான் நிற்கிறது. சுடர் அணைந்த காற்றில் உயிர்வளி இல்லை என்று ஒரு பிள்ளை எழுதினால், தன் மூச்சிலும் உயிர்வளி இல்லை என்று எழுதியதாகிவிடும்.

தண்ணீர்த் தட்டில் மெழுகுவர்த்தியை நிறுத்திச் சாடியைக் கவிழ்த்தால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறும், அதுவே உயிர்வளி என்று சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடு. கவிழ்க்கும்போது சூடான காற்று விரிந்து வெளியேறுகிறது. அணைந்தபின் குளிர்ந்து சுருங்குகிறது. தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் அதனால்தான். ஒரு வர்த்தியோடு ஒருமுறை, மூன்று வர்த்தியோடு ஒருமுறை செய்து காட்டு. ஏற்றம் மாறும். காற்றில் இருந்த உயிர்வளி மாறவில்லையே என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

அளக்க வேண்டுமென்றால் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் போதும். வினிகரில் சில நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிப் பிழிந்து, அளவுக்கோடிட்ட குழாயின் அடியில் செருகி, தண்ணீரில் தலைகீழாக நிறுத்து. அலசத் தவறினால் எஞ்சிய அமிலம் இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜனை விட்டு அளவைக் கெடுக்கும். இரும்பு துருப்பிடிக்கப் பிடிக்க உயிர்வளி குறையும், தண்ணீர் ஏறும். ஓரிரு நாள் பொறுத்திருக்க வேண்டும்.

இங்கேதான் கவனம் வேண்டும், தம்பி. மூச்சுக்காற்றை அப்படியே அந்தக் குழாயில் அடைத்தால், அதிலுள்ள கரிவளியும் மெல்ல மெல்லத் தண்ணீரில் கரையும். 16 உயிர்வளி, அதோடு கரிவளி 4, கூட்டினால் 20. பக்கத்திலுள்ள சாதாரணக் காற்றுக் குழாயிலோ 21. இரண்டிலும் தண்ணீர் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வந்து நிற்க, மூச்சில் உயிர்வளி குறையவே இல்லை என்று வகுப்பு முடிவு கட்டிவிடும். கண்ணால் பார்த்த சான்றோடு ஒரு பொய் மனத்தில் பதிந்துவிடும். ஆகவே கரிவளியை முதலில் நீக்கு. அதன் பிறகே உயிர்வளியை அளக்க விடு.

ஜே எழுத்துப்போல் வளைந்த கண்ணாடிக் குழாயான ஜே குழாய் இந்த ஒழுங்கைத்தான் கற்றுத் தருகிறது. உன் பள்ளியின் உயிரியல் அலமாரியில் இருக்கிறதா என்று ஆய்வுக்கூட உதவியாளரிடம் கேள். திருகைத் திருப்பி 10 சென்டிமீட்டர் காற்றை இழுத்து, இரு பக்கமும் தண்ணீரால் அடைக்கிறோம். முதலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காற்று 9.6 ஆகச் சுருங்கினால் கரிவளி 4 விழுக்காடு. அடுத்துப் பொட்டாசியம் பைரோகாலேட், 8.0 ஆனால் உயிர்வளி 16. வரிசையை மாற்றினால் எல்லாம் போயிற்று, ஏனென்றால் பைரோகாலேட் கரைசலில் காரம் இருப்பதால் அது கரிவளியையும் சேர்த்தே உறிஞ்சிவிடும். இரண்டும் தோலையும் கண்ணையும் அரிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் ஒரு பிள்ளையும் தொடக்கூடாது.

இந்தக் குழாயில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு விழுக்காடு. வெப்பம் 3 பாகை கூடினாலே காற்று ஏறத்தாழ ஒரு விழுக்காடு விரிந்துவிடும். கைச்சூடே அதற்குப் போதும். ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் கிடத்தி வை. இரும்பு நார்ச் சோதனைக்கும் இதே கதைதான்: குளிர்சாதனம் ஓடும் அறையில் 25 பாகையில் தொடங்கி, மறுநாள் பிற்பகல் அது அணைந்திருக்கும்போது 32 பாகையில் படித்தால் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் பிசகும். நீ தேடுவதோ ஐந்து விழுக்காட்டு வேறுபாடுதான்.

மூச்சை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதையும் பார். சாதாரண மூச்சு அரை லிட்டர் என்றால், அதில் 150 மில்லிலிட்டர் அளவு தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் தங்கி, நுரையீரலின் அறைகளைத் தொடாமலே திரும்பிவிடும். முதலில் வெளிவருவது அதுதான். உடலியல் ஆய்வாளர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் நுரையீரல் காற்றை ஆராய்ந்தபோது, நீண்ட குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் கடைசிப் பகுதியைத்தான் எடுத்தார்கள். உன் பிள்ளைகளும் தொடக்கத்தை வெளியே ஊதிவிட்டு, மிச்சத்தைச் சாடிக்குள் விடட்டும். ஆளுக்கொரு குழல் கொடு. ஆஸ்துமா உள்ள பிள்ளையை வற்புறுத்தாதே.

ஒரு குழுவுக்கு 15 வரும், இன்னொன்றுக்கு 17.5 வரும். இரண்டையும் அழிக்காமல் பலகையில் எழுது. முந்தையவன் மூச்சை அடக்கி வைத்திருந்தானா, பிந்தையவள் மேலோட்டமாக ஊதினாளா என்று அவர்களே தேடட்டும். திடலில் ஓடிவிட்டு வந்தால் உயிர்வளி வெகுவாகக் குறையும் என்று எதிர்பார்ப்பார்கள். மூச்சின் ஆழமும் வேகமும் சேர்ந்தே கூடுவதால் பெரும்பாலும் அதிக மாற்றம் தெரியாது. அதையும் அளக்க விடு.

புகைமூட்டக் காலம் வந்தால் காற்றில் உயிர்வளி குறைந்துவிட்டதா என்று கட்டாயம் கேட்பார்கள். 2005 ஆகஸ்ட்டில் பக்கத்திலேயே போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் புகை சூழ்ந்ததை வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். உயிர்வளி குறையுமோ என்ற அந்தச் சந்தேகம் பழையது. இடத்துக்கு இடம் காற்றின் தரம் மாறுகிறது என்று பலரும் நம்பிய காலத்தில் வேதியியல் அறிஞர் கேவண்டிஷ் லண்டனிலும் கென்சிங்டனிலும் பல நாள் காற்றை எடுத்து அளந்தார். 1783இல் அவர் வெளியிட்ட முடிவு 20.83 விழுக்காடு, எங்கும் ஏறக்குறைய அதேதான். புகைமூட்டத்தில் நெஞ்சை அடைப்பது நுண்துகள். உயிர்வளி 21ஐ ஒட்டியேதான் இருக்கும். சன்னலோரக் காற்றில் ஒரு சாடி பிடித்து வைத்து, தெளிந்த நாளின் சாடியோடு ஒப்பிடச் சொல்.

சோதனை முடிந்ததும் எல்லாக் குழுக்களின் எண்களையும், அளந்த நேரத்து வெப்பநிலையோடு எனக்கு அனுப்பிவை. சராசரி மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்