சிந்துவெளியும் வேத ரிஷிகளும்

பௌத்தத்திற்குப் புத்தர் உண்டு; கிறிஸ்தவத்திற்கு இயேசுநாதர் உண்டு; சீக்கிய நெறிக்குக் குருநானக் உண்டு. இந்து சமயத்தைத் தோற்றுவித்தவர் யார் என்று கேட்டால் அவ்வாறு ஒரு பெயரைச் சொல்ல இயலாது. ஓர் ஆண்டையும் குறிப்பிட இயலாது. 'அநாதி' என்பதே சான்றோர் தரும் விடை.

ஆயினும், சிந்துவெளி நாகரிகத்தைப் பாடத்தில் படித்துவிட்டு வரும் மாணவன், 'அந்த மக்கள் இந்துக்களா? வேதம் அவர்களுடையதா?' என்று கேட்கும்போது அந்த ஒரு சொல் அவனுக்குப் போதாது. ஆர்வ மிகுதியால் 'எல்லாம் நம்முடையதே' என்று கூறிவிடுவது எளிது. 'எந்தத் தொடர்பும் இல்லை' என்று தள்ளிவிடுவதும் எளிது. இரண்டு விடைகளும் கிடைத்துள்ள சான்றுகளை மீறியவை. பற்றினால் மிகையாகச் சொல்லப்பட்டதை நம்பி வளரும் இளைஞன், பின்னாளில் அது சான்றற்றது என்று அறியும்போது, மிகையை மட்டுமின்றி நெறியையே கைவிட்டு விடக்கூடும். எனவே தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்தறிவது நம்பிக்கைக்கு எதிரானதன்று, அதற்குக் காவலாகும்.

நதி தந்த பெயர்

'ஹிந்து' என்ற சொல் வேதத்திலோ உபநிஷதங்களிலோ சமயத்தின் பெயராக வரவில்லை. 'ஸிந்து' என்னும் நதியின் பெயரைப் பண்டைய பாரசீகர் தங்கள் மொழியின் ஒலி மரபிற்கேற்ப 'ஹிந்து' என்றனர். கி.மு. 500-ஐ ஒட்டிய காலத்தில் பாரசீகப் பேரரசர் டேரியஸ் பொறித்த கல்வெட்டுகளில் அது ஒரு நாட்டின் பெயராக வருகிறது. நிலத்தைக் குறித்த சொல் பின்னர் அங்கு வாழ்ந்த மக்களைக் குறித்தது. மிகப் பிற்காலத்தில் அவர்களுடைய சமயத்திற்கும் பெயராயிற்று. ஆகவே பெயரின் வயதைக் கொண்டு நெறியின் வயதை அளக்க முடியாது.

மண்ணுக்கடியில் கிடைத்தவை

1921-இல் தயாராம் சாஹ்னி ஹரப்பாவிலும், 1922-இல் ராக்கல்தாஸ் பானர்ஜி மொஹஞ்சதாரோவிலும் அகழாய்வைத் தொடங்கினர். இவ்விரண்டு இடங்களும் இன்று பாகிஸ்தானில் உள்ளன. தொல்லியல் துறையின் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் 1924-இல் இந்தக் கண்டுபிடிப்பை உலகிற்கு அறிவித்தார். இந்நாகரிகத்தின் நகரங்கள் செழித்திருந்த காலம் ஏறத்தாழ கி.மு. 2600 முதல் 1900 வரை. அதற்கு வேரான கிராம வாழ்க்கை மேலும் பழமையானது. பலூசிஸ்தானத்தில் உள்ள மெஹர்கரில் கி.மு. 7000-ஐ ஒட்டியே மக்கள் பயிரிட்டு, கால்நடை வளர்த்து வாழ்ந்ததற்குத் தடயங்கள் கிடைத்துள்ளன.

நேரான தெருக்கள், ஒரே அளவு விகிதத்தில் சுட்ட செங்கற்கள், மூடிய கழிவுநீர்க் கால்வாய்கள், குஜராத்தின் தோலாவீராவில் பெரும் நீர்த்தேக்கங்கள் எனப் புறவாழ்வு தெளிவாகப் புலப்படுகிறது. ஆனால் அம்மக்கள் எதை வணங்கினர் என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. ஐயத்திற்கிடமின்றிக் கோயில் என்று கூறத்தக்க கட்டடம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

மொஹஞ்சதாரோவில் கிடைத்த ஒரு முத்திரையில், கொம்புள்ள தலையணி சூடிய உருவம் ஒன்று கால்களை மடக்கி ஆசனத்தில் அமர்ந்திருக்கிறது. யானை, புலி, காண்டாமிருகம், எருமை ஆகியவை அதைச் சூழ்ந்து நிற்கின்றன. மூன்று முகங்கள் தெரிவதாகவும், இவ்வுருவம் பசுபதியாகிய சிவபெருமானின் முன்வடிவம் என்றும் மார்ஷல் கருதினார். எருமையின் இயல்புகள் கொண்ட வேறொரு தெய்வம் என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் கூறினர். முத்திரையின் மேல் உள்ள எழுத்தைப் படித்தறியும் வரை எதையும் முடிவாகச் சொல்வதற்கில்லை. ஏறத்தாழ நானூறு குறிகள் கொண்ட அந்த எழுத்து இன்றுவரை அனைவரும் ஏற்கும் வகையில் படிக்கப்படவில்லை. அதன் மொழி திராவிடக் குடும்பத்தைச் சார்ந்தது என்று ஐராவதம் மகாதேவன், அஸ்கோ பர்போலா போன்ற அறிஞர் கருதினர். அதை ஏற்காதவர்களும் உளர்.

மொஹஞ்சதாரோவின் பெருங்குளம் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்டது; நீர் கசியாதிருக்க நிலக்கீல் பூசப்பட்டது. புனித நீராடலுக்கென அமைந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ராஜஸ்தானத்தின் காலிபங்கனில் வரிசையாக அமைந்த குழிகளை வேள்விக் குண்டங்கள் என்று கொள்வாரும், அடுப்புகள் என்று கொள்வாரும் உண்டு. இவை யாவும் ஊகத்திற்கு இடம் தருவனவேயன்றி முடிவு தருவன அல்ல.

ஓர் அரசமரத்தின் பயணம்

எனினும் தொடர்ச்சி என்பது வெறும் கற்பனையும் அன்று. மொஹஞ்சதாரோவின் மற்றொரு முத்திரையில், அரசமரத்தினுள் ஓர் உருவம் நிற்கிறது. அதன் முன் ஒருவர் மண்டியிட்டு வணங்குகிறார். கீழே ஏழு உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. அரசிலை வடிவம் அக்கால மட்பாண்டங்களிலும் காணப்படுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் கடோபநிஷதம் பிரபஞ்சத்தை வேர் மேலாகவும் கிளை கீழாகவும் உள்ள அசுவத்த மரமாக உருவகிக்கிறது. அந்த அசுவத்தமே அரசமரம். கீதையின் பதினைந்தாம் அத்தியாயம் அதே உருவகத்துடன் தொடங்குகிறது. இன்றும் பாரதத்தின் கிராமந்தோறும் மக்கள் அரசமரத்தை வலம் வருகின்றனர்.

மரம் ஒன்றே, ஆனால் சிந்துவெளி மனிதன் அதில் கண்டதும் உபநிஷத ரிஷி கண்டதும் ஒன்றே என்று கூற ஆதாரம் இல்லை. வழிபாட்டின் வடிவம் தொடரக்கூடும். அதன் பொருள் காலந்தோறும் ஆழமாகக்கூடும்.

ரிஷிகளின் குரல்

சிந்துவெளி நமக்கு ஊர்களைத் தந்தது. அவற்றின் சொற்கள் புரியவில்லை. வேதகாலம் சொற்களைத் தந்தது. ஆனால் அக்காலத்து ஊர்களைத் தெளிவாக அடையாளம் காண்பது கடினம். ரிக்வேதம் 10 மண்டலங்களும் 1028 சூக்தங்களும் கொண்டது. அதன் பெரும்பகுதி கி.மு. 1500-க்கும் 1000-க்கும் இடைப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இன்றைய துருக்கியில் கிடைத்த, கி.மு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உடன்படிக்கை ஒன்றில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் ஆகிய தெய்வங்கள் சாட்சிகளாக அழைக்கப்படுகின்றனர். அத்தெய்வங்கள் அக்காலத்திலேயே தொலைதூரம் வரை அறியப்பட்டிருந்தனர் என்பதற்கு அதுவே சான்று.

ரிக்வேத வழிபாடு அக்னியைச் சுற்றி அமைந்த வேள்வி. இன்று நாம் காணும் ஆலய வழிபாடும் தீர்த்த யாத்திரையும் அதில் இந்த வடிவில் இல்லை. ரிக்வேதத்தில் பெருமையுடன் போற்றப்படும் குதிரையோ சிந்துவெளி முத்திரைகளில் இல்லை. எனவே இன்றைய இந்து சமயத்தை முழுவதும் சிந்துவெளியிலிருந்தோ, முழுவதும் ரிக்வேதத்திலிருந்தோ வருவித்துவிட முடியாது. வனவாசிகள், உழவர்கள், பல மொழி பேசிய மக்கள் ஆகியோரின் வழிபாடுகளும் இதில் கலந்துள்ளன.

மோதலா, கலப்பா?

படையெடுத்து வந்த ஆரியர் சிந்துவெளி நகரங்களை அழித்தனர் என்று 1940-களில் மார்ட்டிமர் வீலர் எழுதினார். மொஹஞ்சதாரோவில் கிடைத்த எலும்புக்கூடுகள் அத்தகைய படுகொலைக்குச் சான்றாகா என்பதை 1964-இல் ஜார்ஜ் டேல்ஸ் எடுத்துக்காட்டினார். பருவமழை குன்றியதும் ஆறுகள் வற்றியதும் திசைமாறியதும் நகரங்கள் தளர்ந்ததற்கு முக்கியக் காரணங்கள் என்று இன்று கருதப்படுகிறது. மக்கள் மறைந்துவிடவில்லை, கிழக்கிலும் தெற்கிலும் சிற்றூர்களில் குடியேறினர்.

2019-இல் இரண்டு மரபணு ஆய்வுகள் வெளிவந்தன. ஹரியாணாவின் ராக்கிகடியில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் மரபணுவில் மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் கூறு காணப்படவில்லை என்றது ஒன்று. கி.மு. 2000-க்குப் பின்னர் அக்கூறு இந்நாட்டு மக்களிடம் கலந்தது என்றது மற்றொன்று. இன்றைய இந்தியரில் பெரும்பாலோர் பல மரபுகளின் கலப்பில் தோன்றியவர்கள். 'வந்தவர்', 'இருந்தவர்' என்று பிரித்துப் பகை வளர்ப்பவர், தம் உடலிலேயே இருவரையும் சுமக்கின்றனர்.

சத்தியமே கோத்திரம்

சாந்தோக்ய உபநிஷதத்தில் சத்யகாமன் என்னும் சிறுவனின் வரலாறு வருகிறது. பிரம்மவித்தையை நாடிக் கௌதமரிடம் சென்ற அவனிடம், 'உன் கோத்திரம் என்ன?' என்று அவர் கேட்டார். தன் தந்தையின் குலம் தன் தாய்க்கே தெரியாது என்று அவள் கூறியதை அவன் அப்படியே சொன்னான். பெருமைக்குரிய ஒரு குலத்தை அவன் புனைந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உண்மையினின்று வழுவாத காரணத்தாலேயே அவனைச் சீடனாக ஏற்றார் கௌதமர்.

ரிஷி என்ற சொல்லைக் 'காண்பவர்' என்னும் பொருளில் யாஸ்கரின் நிருக்தம் விளக்குகிறது. ரிஷிகள் உண்மையைப் படைத்தவர்கள் அல்லர், கண்டவர்கள். 'அநாதி' என்பது அவர்கள் கண்ட உண்மையைக் குறிக்குமேயன்றி, செங்கல்லையும் முத்திரையையும் குறிக்காது. மண்ணில் கிடைத்தவற்றின் வயது ஆய்வுக்கு உரியது. புதிய சான்று வந்தால் அது மாறவும் கூடும். அதனால் ஆன்ம உண்மைக்கு ஏற்றமும் இல்லை, குறைவும் இல்லை.

ஆகவே 'உங்கள் சமயத்தின் தொடக்கம் எது?' என்று வினவப்படும்போது, அறிந்ததை அறிந்தது என்றும் அறியாததை அறியாதது என்றும் கூறுவதே தகும். சத்யகாமனைக் குருவின் வாயிலுக்குள் அழைத்துச் சென்றது அந்த நேர்மையே.